இலண்டனுக்குப் புறப்படுமுன்

பிரயாணம் போய்த் திரும்பியபின் கட்டுரை எழுதுவதுதான் எழுத்தாளர் வழக்கம். நாமோ இன்னும் புறப்படவேயில்லை. புறப்படுவோமா என்பதுகூட இதனை எழுதும் வேளையில் நிச்சயமில்லை. பெட்டி கட்டுமுன்னரே பேனாவை எடுத்தமைக்குக் காரணம், விசா விண்ணப்பப் பத்திரத்தில் நாம் கண்ட ஒற்றைக் கேள்வி. அக்கேள்விக்கு வருமுன் கதையை ஆதியிலிருந்து சொல்லிவிடுகிறோம்.

வட இங்கிலாந்துப் பட்டினமொன்றில் பத்துநாள் ஆசிரியர் பயிற்சி வகுப்பொன்று நடக்கவிருக்கிறது. எமது மாகாணத்திலிருந்து தெரிவானவர்களுள் எமது பெயரும் இருக்கிறது. விமானச் செலவும், பயிற்சிக் காலத்து உண்டியும் உறையுளும் அழைப்போருடைய பொறுப்பு. திரும்பும் வழியில் மூன்று நாட்கள் இலண்டனில் தங்க இடமுண்டு. அந்த மூன்று நாட்களின் செலவும், விசாக் கட்டணமும் எம்முடைய பொறுப்பு. அக்கட்டணம் எமது மாதச் சம்பளத்தின் பெரும்பகுதியை விழுங்குவது. விசா மறுக்கப்பட்டாலும் திரும்பக் கிடைக்காதது. வெளிநாட்டு விடுமுறைக்கு அனுமதி பெறக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிய கதையை ஆசிரிய நண்பர்களுக்கு விரித்துச் சொல்லவேண்டியதில்லை.

முப்பத்தாறு வயதுவரை இந்தத் தீவை விட்டு வெளியே கால் வைத்தறியாத ஒருவனுக்கு இலண்டனில் மூன்று நாள் என்றவுடன் பாடசாலை முழுவதும் ஆலோசனைச் சபையாக மாறிவிட்டது. பக்கிங்ஹாம் அரண்மனையில் காவலர் மாறும் சடங்கைத் தவறவிடக் கூடாதென்றார் ஆங்கில ஆசிரியை. கிரீனிச்சில் பூச்சியப் பாகைக் கோட்டின் இருபுறமும் கால்களை வைத்துப் படம் எடுத்து வரும்படி கேட்டார் புவியியல் ஆசிரியர். 1984 இல் சிதத் வெத்தமுனி 190 ஓட்டங்கள் எடுத்த லோட்ஸ் மைதானத்தின் வேலியையாவது தொட்டுவிட்டு வரவேண்டுமென்பது உடற்கல்வி ஆசிரியரின் கட்டளை. உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும், மற்றவர்கள் எல்லோரும் பேசி ஓய்ந்தபின், "சேர், ஹைகேட்டுக்குப் போவீங்களா?" என்று கேட்டாள். அவளுக்கு மார்க்ஸின் கல்லறை அங்கிருப்பது தெரிந்திருக்கிறது. எமக்கு மகிழ்ச்சியாயிருந்தது என்பதை மறைப்பானேன்?

நூலகத்திலிருந்து ஒரு வழிகாட்டி நூலும் கிடைத்தது. தமிழ் படித்தவனுக்கு அதைப் புரட்டும்போது ஆற்றுப்படைதான் நினைவுக்கு வரும். பரிசில் பெற்றுவரும் பாணன் எதிர்ப்பட்ட வறிய பாணனுக்கு, இன்ன வழியாகப் போ, இன்ன ஊரில் இன்னது உண்ணலாம், இன்ன மன்னனைக் கண்டால் உன் வறுமை தீரும் என்று வழி சொல்வது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் பாதி இவ்வகையைச் சேர்ந்தது. இந்த வழிகாட்டி நூலும் அவ்விதமே அரண்மனைக்கும் கோட்டைக்கும் மன்னனின் நகைப் பெட்டகத்துக்கும் வழி சொல்கிறது. வித்தியாசம் ஒன்றுதான். அங்கே பாணன் பரிசில் வாங்கிக்கொண்டு வருவான். இங்கே நாம் நுழைவுச் சீட்டுக்குக் காசு கொடுத்து, எமது முன்னோரிடமும் அவர்களைப் போன்றோரிடமும் பறித்ததைப் பார்த்துவிட்டு வரவேண்டும். இலண்டன் கோபுரக் கோட்டையிலிருக்கும் கோகினூர் வைரம் 1849 இல் பஞ்சாபைக் கைப்பற்றிய பின், பத்து வயதுச் சிறுவனாயிருந்த மன்னனிடம் ஒப்பந்தத்தின் பெயரால் பெறப்பட்டது. அதைப் பார்க்கக் கட்டணம் கொடுப்பதில்லை என்று முதல் நாளே தீர்மானித்துவிட்டோம். எமது கையிருப்பும் அத்தீர்மானத்தை மனப்பூர்வமாக ஆதரித்தது.

திட்டத்தின் போக்கை மாற்றியவர் எம் தாயார். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவர். பதினான்கு வயதில் கூடை சுமக்கத் தொடங்கி நாற்பது வருஷம் கொழுந்தெடுத்தவர். இரவுச் சாப்பாட்டின்போது இலண்டன் பயணத்தைப் பற்றிச் சொன்னோம்.

"லண்டனா? நம்ம தேயிலையெல்லாம் அங்கதானே போயிச்சு. எங்க வச்சு வித்தாங்கன்னு பாத்துட்டு வா தம்பி" என்றார்.

வேறெதுவும் கேட்கவில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இலண்டன் அரண்மனை உள்ள ஊரன்று. அஃது ஒரு சந்தை. அம்மா சிறுமியாயிருந்த காலத்தில், வேலைநாள் குறையும்போதெல்லாம் பெரிய கிளாக்கர் சொல்லும் காரணம், "லண்டன் மார்க்கட் விழுந்துபோச்சு" என்பதுதானாம். கடலுக்கு அப்பால் எங்கோ ஒன்று விழுந்தது. இங்கே லயத்தில் அரிசி குறைந்தது. விழுந்த அந்தச் சந்தை எப்படியிருக்கும் என்று அறிய அம்மாவுக்கு ஆவல் இருந்திருக்கிறது. கேட்பதற்கு ஓர் ஆள் இப்போதுதான் அகப்பட்டான்.

பல்கலைக்கழகப் பட்டம் பெற்றிருந்தும், இலங்கைத் தேயிலை இலண்டனில் எந்தத் தெருவில் விற்கப்பட்டதென்பது எமக்குத் தெரிந்திருக்கவில்லை. வெட்கத்தோடு தேடிப் படித்தோம். அதன் பெயர் மின்சிங் லேன். கோபுரக் கோட்டையிலிருந்து பத்து நிமிஷ நடைக்குள் உள்ள குறுந்தெரு. கிழக்கிந்தியக் கம்பனி 1679 இல் இலண்டனில் முதன்முதல் தேயிலையை ஏலம் விட்டது. ஒரு காலத்தில் ஓர் அங்குல மெழுகுதிரி எரிந்து முடியும்வரை ஏலம் கூறுவார்களாம். சுடர் அணையுமுன் கூறிய கடைசி விலையே விலை. பின்னர் தேயிலை வியாபாரம் மின்சிங் லேனில் குடியேறிற்று. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1873 இல் 23 இறாத்தல் இலங்கைத் தேயிலை இலண்டனுக்குப் போயிற்று. அதற்குப்பின் போனதை இறாத்தலில் எண்ணி மாளாது. மன்னார் வழியாகக் காடும் காய்ச்சலும் கடந்து மாத்தளைக்கு நடந்துவந்த எம் முன்னோர் முதலில் கோப்பிக்காகவும், கோப்பியை நோய் தின்ற பின்னர் தேயிலைக்காகவும் உழைத்ததெல்லாம் அந்தக் குறுந்தெருவில் விலையாகிற்று.

இன்று அங்கே என்ன இருக்கிறது? 1930களில் அத்தெருவை ஒட்டி எழுந்த மாளிகைக்குப் பிளாண்டேசன் ஹவுஸ் என்று பெயர். தோட்ட வீடு என்று தமிழில் சொன்னால் எமது ஊரில் லயம் என்றே பொருள் கொள்வார்கள்; அங்கே அது தேயிலை, இறப்பர் வியாபாரிகளின் கோட்டை. அந்த மாளிகையும் இடிக்கப்பட்டு, 2004 அளவில் அவ்விடத்தில் கண்ணாடிக் கட்டடம் எழுந்துவிட்டது. இலண்டன் தேயிலை ஏலம் 1998 யூன் 29 ஆம் திகதி கடைசி முறையாக நடந்து ஓய்ந்தது. முந்நூற்றுப் பத்தொன்பது வருஷ வியாபாரம்! ஆகவே அம்மா பார்த்துவரச் சொன்ன இடத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லாத அந்த இடத்தைத்தான் எமது முதல் நாளின் முதல் இடமாக எழுதிக்கொண்டோம்.

தேடியதில் வேறொன்றும் கிடைத்தது. அதைப் படித்த இரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. 1889 ஆம் ஆண்டின் இலண்டன் துறைமுக வேலைநிறுத்தத்தைத் தொழிற்சங்க வரலாறு படித்த எவரும் அறிவர். ஓகஸ்ட் நடுப்பகுதியில் தொடங்கி ஐந்து வாரம் நீடித்து, மணிக்கு ஆறு பென்ஸ் கூலி என்ற கோரிக்கையை வென்றெடுத்த போராட்டம் அது. பசியால் அது முறிந்துவிடும் என்று முதலாளிகள் காத்திருந்த வேளையில் அவுஸ்திரேலியத் தொழிலாளர் 30,000 பவுண் திரட்டி அனுப்பினர். இவ்வளவும் எமக்கு முன்னரே தெரியும். தெரியாதிருந்தது இது: அவ்வேலைநிறுத்தத்தின் தலைவர்களுள் ஒருவரான பென் டில்லெட் ஒரு தேயிலைக் களஞ்சியத் தொழிலாளி. 1887 இல் அவர் தொடங்கிய சங்கத்தின் பெயரே தேயிலை வேலையாட்கள் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் என்பதாகும். எமது மலைகளில் பெட்டியில் அடித்து அனுப்பிய தேயிலையை மறுகரையில் தோளில் ஏற்றியவர்கள்தாம் இலண்டனின் மாபெரும் போராட்டம் ஒன்றுக்கு வித்திட்டவர்கள்.

இங்கே கங்காணியின் கடன் கணக்கில் எமது கொள்ளுப்பாட்டன் கட்டுண்டு கிடந்த அதே வருஷங்களில், அதே பெட்டியின் மறுமுனையைத் தூக்கியவன் தெருவுக்கு இறங்கியிருக்கிறான். ஒருவரையொருவர் இவர்கள் அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கற்பனை செய்வது எழுத்தாளனுக்கு எளிது. ஆயினும் அதைச் செய்ய எமக்கு விருப்பமில்லை. ஐந்து வாரத்தில் அவர்கள் ஆறு பென்ஸை வென்றார்கள். எமது மக்கள் ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டு ஆண்டுக்கணக்கில் வீதிகளில் நின்றபின், அது சட்டப்படி நிர்ணயிக்கப்பட்டது 2021 இல். அதற்குள் அரிசி விலை எங்கு போயிற்றென்பது வாசகருக்குத் தெரியும்.

ஆகவே முதல் நாள்: கோபுரக் குன்றில் நிற்பது. கோட்டைக்குள் நுழைவதில்லை, வெளியே நிற்பது. டில்லெட்டும் அவர் தோழர்களும் வேலைநிறுத்தக்காரருக்கு முன் நின்று பேசிய இடம் அது. பக்கத்திலேயே சென் கதரின்ஸ் துறை. பண்டசாலைகள் நிறைந்திருந்த அந்நீர்நிலையில் இன்று செல்வந்தர்களின் உல்லாசப் படகுகள் கட்டப்பட்டிருக்கின்றன. நதிக்கு அக்கரையில், தேயிலையும் வாசனைத் திரவியங்களும் அடுக்கிவைத்த பட்லர்ஸ் வாஃப் பண்டசாலைகள் விலையுயர்ந்த குடியிருப்புகளாகிவிட்டன. பின்னர், கால்நடையாக மின்சிங் லேன். பிற்பகல் கிழக்கே சென்று, 1802 இல் திறந்த மேற்கிந்தியத் துறையின் பழைய பண்டசாலையொன்றில் உள்ள துறைமுக நூதனசாலை. அடிமைகளின் உழைப்பில் விளைந்த சீனி வந்திறங்கிய கட்டடம் அது. தேநீருக்குத் தேயிலையும் சீனியும் வேண்டுமல்லவா? இலண்டன் கோப்பை ஒன்றில் இரண்டும் கலந்த வரலாற்றை ஒரே நாளில் நடந்து பார்த்துவிடலாம் என்பது எமது எண்ணம். நுழைவும் இலவசம்.

இரண்டாம் நாள் பிரித்தானிய நூதனசாலை. அதற்கும் கட்டணமில்லை. அங்கே திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட பகுதியில் கண்டெடுக்கப்பட்ட தாராதேவியின் பொன்முலாம் பூசிய வெண்கலச் சிலை நிற்கிறது. ஓர் ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவு. கண்டி இராச்சியத்தை 1815 இல் வீழ்த்திய ஆள்பதி பிரவுண்றிக் அதை 1830 இல் அன்பளிப்புச் செய்தார் என்பது பதிவு. எவருடைய பொருளை எவர் எவருக்கு அன்பளிப்புச் செய்தார் என்பதைக் கேட்கக்கூடாது. திருப்பித் தரச் சட்டம் இடங்கொடாதென்பார்கள். 1963 ஆம் ஆண்டின் நூதனசாலைச் சட்டத்தைக் காட்டுவார்கள். ஆனால் கண்டி மன்னனின் சிம்மாசனமும் முடியும் 1934 இல் இங்கிலாந்திலிருந்து திரும்பி வரவில்லையா? ஒல்லாந்தர் தாங்கள் எடுத்துச்சென்ற பீரங்கி முதலிய ஆறு பொருள்களை 2023 இல் திருப்பித் தந்தார்களே! மனம் இருந்த இடத்தில் மார்க்கமும் இருந்திருக்கிறது. அதே கட்டடத்தின் வட்ட வாசிகசாலை 1857 இல் திறந்தது. மார்க்ஸ் அதில் அமர்ந்து படித்தார் என்பது எமது மாணவர்களுக்கும் தெரியும். நூல்கள் இப்போது வேறிடத்துக்குப் போய்விட்டன.

கியூ என்னுமிடத்திலுள்ள தேசிய சுவடிக்கூடத்துக்குப் போக ஆசை மிகவும் உண்டு. இலங்கையை ஆண்ட குடியேற்ற நாட்டுக் காரியாலயத்தின் கடிதக் கட்டுகள் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் மூன்று நாளில் சுவடி படிக்கப் போகிறேன் என்பது அடுப்பில் உலை வைத்துவிட்டு நெல் விதைக்கப் போவதைப் போன்றது. விட்டுவிட்டோம்.

தங்குவதற்கு இடம் ஈஸ்ட் ஹாமில் கிடைத்தது. எமது பழைய மாணவன் ஒருவன் அங்கே ஒன்பது வருஷமாக இருக்கிறான். பகலில் ஒரு கடையிலும், வாரத்தில் மூன்று இரவு முதியோர் இல்லமொன்றிலும் வேலை. தன் அறையில் கட்டிலை எமக்கு விட்டுத் தான் நிலத்தில் படுப்பதாகச் சொல்லிவிட்டான். திட்டத்தைத் தொலைபேசியில் சொன்னபோது சிரித்தான்.

"சேர், எல்லாரும் மெழுகுச்சிலை பாக்கணும், பெரிய ராட்டினத்துல ஏறணும்னு வருவாங்க. நீங்க ஏலம் முடிஞ்ச தெருவப் பாக்க வாறீங்க. நான் ஒன்பது வருஷமா இங்க இருக்கேன், அந்தப் பேரையே கேட்டதில்ல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தனது ஒரே ஓய்வுநாளில், அவன் அந்தத் தெருவைத் தேடிப்போயிருக்கிறான். படமொன்று அனுப்பினான். இருபுறமும் கண்ணாடிச் சுவர், மழைத் தூறல், ஆளில்லை. படத்தின்கீழ் எழுதியிருந்தான்: "ஒண்ணுமில்ல சேர். ஆனா கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன்." அம்மாவிடம் அப்படத்தைக் காட்டினோம். கண்ணாடியை ஏற்றி நெடுநேரம் பார்த்துவிட்டு, "சுத்தமா வச்சிருக்காங்க" என்றார்.

இனிப் பணம். மூன்று நாளுக்கு வேண்டியது எவ்வளவென்பதைவிட, பாங்குக் கணக்கில் எவ்வளவு காட்ட வேண்டுமென்பதே எல்லோரும் எம்மிடம் பேசிய விஷயம். கணக்கில் மிச்சம் குறைவாயிருந்தால் திரும்பிவரமாட்டான் என்று நினைப்பார்களாம். திடீரென்று ஒரு தொகை வந்து விழுந்திருந்தால் கடன் வாங்கிக் காட்டுகிறான் என்று நினைப்பார்களாம். உண்மையில் கடன் வாங்கித்தான் பலர் காட்டுகிறார்கள். அதற்கென்றே வட்டிக்குக் கொடுப்போரும் இருக்கிறார்கள் என்று அறிந்தோம். அம்மா, தமது சேமலாப நிதியில் எஞ்சியிருப்பதை எமது கணக்கில் போட்டுக் காட்டும்படி சொன்னார். நாற்பது வருஷக் கொழுந்தின் மிச்சம் அது. இலண்டனுக்குக் காட்டவா? மறுத்துவிட்டோம். எமது சம்பளத் துண்டுகளையும் பாடசாலைக் கடிதத்தையும் மாத்திரமே வைப்பதென்று முடிவு. இதனால் விசா மறுக்கப்படலாம். அப்படியானால் இக்கட்டுரை மாத்திரமே மிஞ்சும்.

விண்ணப்பத்தை நிரப்ப ஹட்டன் நகரில் ஒரு கொமியூனிகேசன் கடைக்குப் போயிருந்தோம். கணினியின் முன் அமர்ந்திருந்த இளைஞன் மிகக் கெட்டிக்காரன். எமது விடைகளை நாம் வாய்திறக்குமுன்னரே தட்டிக்கொண்டு போனான். பெயர், தொழில், வருமானம், முன்பு எந்த நாட்டுக்காவது போனதுண்டா என்றெல்லாம் கடந்து, பெற்றோர் விபரத்துக்கு வந்தது. தாயாரின் பெயர், பிறந்த திகதி, எந்த நாட்டுப் பிரசை என்பவற்றுக்குப் பின் ஒரு கேள்வி: அவர் எப்போதுமே இந்த நாட்டின் பிரசையாக இருந்தாரா?

இளைஞன் ஆம் என்பதில் குறியை வைத்தான். நாம் தடுத்தோம்.

"என்ன சேர்? யெஸ்ஸுதானே?"

"இல்லை தம்பி. அம்மா பிறக்கும்போது பிரசாவுரிமை இல்லை."

"அதுக்கு முந்தி இந்தியாவா?"

"இந்தியாவும் இல்லை."

அவன் எம்மைத் திரும்பிப் பார்த்தான். அவனும் ஒரு தோட்டத்துப் பிள்ளைதான், வயது இருபத்திரண்டிருக்கும். பாட்டன் பாட்டிக்கு வாக்குரிமை பறிபோன கதை அவனுக்குத் தெரியாது. வகுப்பில் அதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள். ஆசிரியர்களாகிய எமது குற்றம்தான்.

கடையில் வைத்துச் சுருக்கமாகச் சொன்னதை இங்கேயும் சுருக்கமாகவே சொல்கிறோம். சுதந்திரம் கிடைத்த அதே 1948 இல் வந்த பிரசாவுரிமைச் சட்டம், தந்தையோ தந்தைவழி முன்னோரோ இம்மண்ணில் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. பிறப்புச் சான்றிதழ் என்ற ஒன்று லயத்துக்கு வந்தறியாத காலத்து மக்களிடம் கேட்டது. அடுத்த வருஷம் வாக்குரிமையும் போயிற்று. 1947 தேர்தலில் தம் வாக்கால் சி. வி. வேலுப்பிள்ளை முதலானோரைப் பாராளுமன்றம் அனுப்பிய மக்கள் ஒரே இரவில் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கிட்டு, மிகுந்த 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று ஒதுக்கிற்று. ஏலத்தில் தேயிலைப் பெட்டிகளுக்குக் கூட இலக்கமும் தரமும் பார்ப்பார்கள். இடதுசாரிகள் 1948 இல் இச்சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார்கள் என்பதைப் பெருமையுடன் சொல்லும் நாம், ஒப்பந்தம் கைச்சாத்தான வேளையில் சமசமாஜத் தலைவர்கள் அதே அமைச்சரவையில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் மாணவர் முன் நிற்க எமக்குக் கூச்சமாயிருக்கிறது.

தாயாரின் சிறிய தந்தையார் 1972 இல் குடும்பத்தோடு போனார். தலைமன்னாருக்குப் போன அந்த இரயிலை எம்மவர் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, நீலகிரியில் மறுபடியும் தேயிலைத் தோட்டத்திலேயே போய்ச் சேர்ந்தார். பாட்டனார் இங்கேயே இருந்து, எந்த நாட்டின் கடுதாசியும் கையில் இல்லாமல் 1985 இல் காலமானார். எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 1988 இல் வந்தது. 2003 இல் இன்னொரு சட்டமும் தேவைப்பட்டது.

இளைஞன் இவ்வளவையும் கேட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னான்: "சேர், உண்மைதான். ஆனா யெஸ் போட்டுட்டுப் போங்க. நோ போட்டா விளக்கம் எழுதணும். விளக்கம் எழுதினா சந்தேகம் வரும். யாரு இதைத் தேடிப் பாக்கப்போறா?"

அவன் சொன்னது நடைமுறைக்கு ஒத்த யோசனை. நாமும் ஒரு கணம் தடுமாறினோம். பத்துநாள் பயிற்சி, மூன்று நாள் இலண்டன், மாதச் சம்பளம் அளவு பணம். எல்லாம் ஒரு குறியில் தொங்கின. அவ்வேளையில் ஹைகேட் நினைவுக்கு வந்தது. மாணவி கேட்டபின் அதைப்பற்றியும் சிறிது படித்திருந்தோம். மார்க்ஸ் 1845 இல் பிரஷ்யப் பிரசாவுரிமையைக் கைவிட்டவர். பாதி வாழ்நாளை இலண்டனில் நாடற்றவராகவே கழித்தார். உடல்நலம் கருதிக் கார்ல்ஸ்பாத் ஊற்றுநீருக்குப் போய்வரும் வழியில் கைதாகாதிருக்க, 1874 இல் பிரித்தானியப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தார். பொலிசார், இவர் தம் சொந்த அரசனுக்கும் நாட்டுக்கும் விசுவாசமாக இருந்தவரல்லர் என்று அறிக்கை கொடுத்தனர். விண்ணப்பம் மறுக்கப்பட்டது. 1883 மார்ச்சில் இறந்தபோது சவ அடக்கத்துக்கு வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். இன்று அக்கல்லறையைப் பார்க்க மயானத்தில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். கோகினூருக்குக் கொடாத காசை இங்கே கொடுப்பதென்று தீர்மானம். மூன்றாம் நாள் முழுவதும் அதற்கே. அவருக்குப் பக்கத்தில் அடக்கமாகியிருக்கும் கிளோடியா ஜோன்ஸ் அம்மையாரும் அமெரிக்காவிலிருந்து நாடுகடத்தப்பட்டு இலண்டன் வந்து, 1964 இல் இறந்தவர்.

மார்க்ஸோடு எம் தாயாரை ஒப்பிடுவதாக யாரும் எண்ண வேண்டாம். மார்க்ஸ் பிரசாவுரிமையைத் தாமே விட்டவர். அம்மாவிடம் அது இருந்ததேயில்லை. ஆயினும் கல்லறையின் முன் போய் நிற்பதற்காக, அம்மாவின் இருபத்தெட்டு வருஷங்களை ஒரு குறியால் அழித்துவிட்டுப் போவதா என்ற கேள்வி எழுந்தபின், விடை கடினமாயிருக்கவில்லை. இல்லை என்பதில் குறியிடச் சொன்னோம். மேலதிக விபரங்களுக்கான இடத்தில் நான்கு வாக்கியங்கள் ஆங்கிலத்தில் எழுதினோம்: 1960 இல் இலங்கையில் பிறந்தார்; 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் எந்த நாட்டினதும் பிரசையல்லர்; 1988 இல் இலங்கைப் பிரசையானார்; அன்றிலிருந்து இன்றுவரை அவ்வாறே. இளைஞன் தட்டச்சுச் செய்துவிட்டு, தனக்கும் ஒரு பிரதி வேண்டுமென்று கேட்டு, அச்சிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அனுப்பும் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. அம்மாவிடம் ஒருமுறை காட்டிவிட்டு வருகிறோமென்று சொல்லி எழுந்தோம்.

அன்றிரவு அந்த நான்கு வாக்கியங்களையும் தமிழில் வாசித்துக் காட்டினோம். அம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எம்பத்தெட்டுன்னு போட்டியா? சட்டம் வந்துருச்சுன்னு தலைவருங்க சொன்னது அப்பத்தான். ஆனா கையில கடுதாசி கெடச்சது பொறவு. ஒன்ன இடுப்புல வச்சிக்கிட்டுத்தான் கச்சேரிக்கு நாலு தடவ போனேன். நீ கூட்டத்துல அழுது, பெரிய கரச்சல்."

எழுந்துபோய் தகரப் பெட்டியை இழுத்தார். சேலைகளுக்கு அடியில், பிளாஸ்டிக் உறையில், நான்காக மடித்த சான்றிதழ். திகதி 1990 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பெயரில் ஓர் எழுத்தைப் பிழையாகவும் எழுதியிருந்தார்கள். நாம் பிறந்தது 1989 இல். சட்டத்தின்படி நாம் ஒரு பிரசைக்குப் பிறந்த பிள்ளை. அம்மாவின் கையைக் கேட்டால், கடுதாசி இல்லாத ஒருத்திக்குப் பிறந்த பிள்ளை.

விண்ணப்பத்தில் எம்மைப் பற்றியும் பிரசாவுரிமைக் கேள்விகள் இருக்கின்றன. அவற்றை அந்த இளைஞன் நாம் வாய்திறக்குமுன் நிரப்பிவிட்டான். அவன் நிரப்பியது சரிதான். ஆனாலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளவேண்டும். அம்மாவின் வருஷத்தையும், பெயரில் உள்ள எழுத்தையும் திருத்தவேண்டும். சான்றிதழின் பிரதியொன்றையும் இணைக்கவேண்டும். நாளைக் காலை முதல் பஸ்ஸில் மறுபடியும் ஹட்டனுக்குப் போகிறோம்.